ஒரு கட்டை மேலே

உன் மகள் போன வாரம் பஸ்ஸில் வந்து கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். உறையைக் கழற்றியதும் அதன் ஓட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். இன்னும் தேயிலை வாசம் இருக்கிறது. தேயிலைப் பெட்டிப் பலகையில் நான் செய்த உடம்பல்லவா அது.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாம் அடுத்தடுத்த லய வீடுகளில் இருந்த எழுபதுகள். நான் ஃபாக்டரியில் ஃபிட்டர். நீ மாதா கோயிலில் பாட்டுக்காரன். கிட்டார் செய்ய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு படத்தைப் பார்த்துச் செய்தேன். கழுத்து நீண்டால் சத்தம் கூடும் என்று நானாக முடிவுகட்டி, மற்ற கிட்டார்களைவிட இரண்டு அங்குலம் கூட்டி வைத்தேன். "என்னலே, ஒட்டகத்தப் பெத்து வச்சிருக்க?" என்று சிரித்தாய். ஆனாலும் அதைத்தான் வாசித்தாய்.

கிறிஸ்துமஸ் வந்தது. நம் பாட்டுக் குழுப் பெண்கள் கொழுந்து கிள்ளும்போது சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பழகிய தொண்டைக்காரிகள். அவர்களுக்குச் சுருதி ஒரு கட்டை மேலே இருக்க வேண்டும்; கிட்டாரையும் அதுவரை முறுக்க வேண்டும். கம்பி வாங்கக் கோட்டயம் புறப்பட்ட என்னிடம் சொன்னாய்: "ஒன் கழுத்து நீளம், சுருதியும் மேல. ரெண்டும் சேந்து இழுக்கும்லே. முதல் கம்பி ஒன்பதாம் நம்பர் வாங்கு. மத்ததும் அதுக்கேத்த மெல்லிசு."

நான் பன்னிரண்டாம் நம்பர் வாங்கி வந்தேன். கொழுந்து மூட்டை போகும் ரோப்வேயில் பாரம் கூடினால் தடித்த வடம்தான் போடுவோம். "மெல்லிசு அந்துரும். தடிச்சதுதான் நிக்கும். எனக்குத் தெரியாத கம்பியா?" என்றேன். நீ வாங்கி மாட்டினாய்.

கம்பி அறுந்துபோகவில்லை. அதில் நான் சொன்னது சரிதான். இரண்டாம் பாட்டில், ஆறு கம்பியும் சேர்ந்து இழுத்த இழுப்பில், அவற்றைக் கட்டியிருந்த பிரிட்ஜ் என்ற மரத்துண்டு படாரென்று பலகையை விட்டுப் பெயர்ந்து உன் தாடையில் அடித்தது. பெண்கள் கிட்டார் இல்லாமலே பாடி முடித்தார்கள். வெளியே வந்ததும் ஒருத்தி, "என்ன ஃபிட்டரண்ணே, மலையாளத்துக்காரங்க அம்பலத்துல வெடி போடுற மாதிரி நம்ம கோயில்லயும் வெடி வழிபாடா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. "இவனுக்கு முறுக்கத் தெரியல. மாட்டுக் கயிறுன்னு நெனச்சு இழுத்துட்டான்" என்றேன். தாடையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாய். தை பிறப்பதற்குள் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப்போனாய், கிட்டாரோடு.

நான் தேடி வரவில்லை. நீ வந்து சண்டை போட்டிருக்கலாம். போடாமல் போனது எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்தான். எட்டு மைல், ஜீப் போகிற பாதை. அவன் முதலில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். உன் அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது.

உன் மகள் சொன்னாள்: "கழுத்தக் குறைச்சிட்டா எந்தக் கம்பியும் போடலாம்னு எத்தன பேரு சொன்னாங்க தெரியுமா பெரியப்பா? அப்பா ஒத்துக்கல. 'அவன் வச்ச நீளத்துல கை வைக்காதீங்க, கம்பிய நான் பாத்துக்கிடுதேன்'னாரு."

அவள் போனபின், ஃபாக்டரிக் காலத்து மைக்ரோமீட்டரை எடுத்து முதல் கம்பியை அளந்தேன். ஒன்பது. நீ திரும்ப ஒட்டிய பிரிட்ஜ் மயிரிழைகூட எழும்பவில்லை.

அன்று கோயில் வாசலில் சொல்லியிருக்க வேண்டியதை, யாருமில்லாத இந்த அறையில் சொல்கிறேன். நீ சரியாகத்தான் முறுக்கினாய். கம்பி என் தப்பு. கழுத்தும் என் தப்பு.

நீ விட்டுப்போன ஒரு கட்டை மேலேயே நிற்கிறது கிட்டார். என் தொண்டை அங்கே எட்டாது. இறக்கி வையுங்கள், பலகைக்கு நல்லது என்கிறான் என் மகன். மாட்டேன். தினமும் காலையில் கம்பியைத் துணியால் துடைக்கிறேன். இரவில் இறங்கியிருந்தால், உன் சுருதிக்கு ஏற்றி வைக்கிறேன்.