சைஃபுதீனுக்கு ஒரு துஆ

6 ஏப்ரல், திங்கள்

பேத்தி ஹிதாயாவின் ஈறுகள் வீங்கிக் குருதி கசிகின்றன. பதினொரு வயது, பிறவியிலேயே பார்வையில்லை. உமிழ்வதன் நிறத்தை அவள் எங்ஙனம் அறிவாள்? "தண்ணியே அப்படி உப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன் நன்னா" என்று இந்தப் பாட்டனிடம் சொல்கிறாள்.

7 ஏப்ரல்

கோலசிலாங்கூரில் பல் மருத்துவர் சைஃபுதீன். நான் இமாமாக நிற்கும் பள்ளிவாசலின் ஜமாஅத்துப் பிள்ளை. ஒரு சொல்லும் சொல்லாமல் கருவியை அவள் வாய்க்குள் நுழைத்தான். அலறினாள், கடித்தாள்.

"கையக் காலப் பிடிங்க லா. கண்ணு தெரியாத புள்ளைக்கு வைத்தியம்லாம் ஒத்து வராது ஹஜ்ரத். ஆடுற முன்பல்லப் புடுங்கிடலாம்."

முன்பல்லையா? நுனிநா அண்பல்லை, மேல்முன்பல்லின் அடியை, தொடாமல் எழுத்து பிறக்குமா? அவள் ஓதும் இறைவசனம் — அடப்பாவி, என் புள்ள ஓதுறதையே புடுங்கப் பாத்தியேடா.

இதற்குப் பதில் செய்யாமல் நான் கப்ருக்குள் போகமாட்டேன்.

10 ஏப்ரல்

முஸ்லிமோடு மூன்று நாளுக்கு மேல் முகம் திருப்பியிருத்தல் ஆகாது. ஆகவே ஜும்ஆவுக்குப் பின் அவனுக்கு ஸலாம் உரைத்தேன். ஸலாம் மட்டும். அடுத்த ஸலாம் மூன்று நாள் கழித்து, திங்களன்று.

21 ஏப்ரல்

சபாக்கில் வசந்தினி என்னும் மருத்துவர். முதலில் கருவியை ஹிதாயாவின் கையில் கொடுத்தார். சுழலும் தூரிகையை அவள் நகத்தின்மேல் ஓடவிட்டார். "இதான் வாய்க்குள்ள வரும். வேணாம்னா கையத் தூக்கு, நிறுத்திடுறேன்." பின்னரே பற்காறையைச் சுரண்டினார். துலக்கியபின் நாக்கால் தடவி, சொரசொரப்பு எஞ்சிய இடத்தைக் கண்டுபிடிக்கவும் பழக்கினார். பிடுங்க வேண்டிய பல் ஒன்றுமில்லையாம்.

மகிழ்ந்தேன். சினம் மட்டும் வளர்ந்தது. இத்துணை எளிதா இது?

15 மே, வெள்ளி

சைஃபுதீனின் புதிய கிளினிக் திறப்பு. துஆ ஓத என்னையே அழைத்தான். சபித்தால்? அது எனக்குத் தகாது. கையேந்தினேன்: "இறைவா, இம்மாநிலத்துப் பார்வையற்ற குழந்தைகள் அனைவரையும் இவர் வாசலுக்கே அனுப்புவாயாக. அவர்தம் ஈறுகளை இவர் கைகளில் ஒப்படைப்பாயாக."

கூட்டம் ஆமீன் என்றது. அவனும் சொல்லியாக வேண்டுமே. சொன்னான், நெற்றி வியர்த்திருந்தது.

நெய்ச்சோறு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டேன்.

23 மே

பலிக்கிறது. தஞ்சோங் காராங்கிலிருந்தும் ஒரு தாய் பார்வையற்ற பிள்ளையோடு அவனிடம் வந்தாளாம்.

2 ஜூன்

சைஃபுதீன் வீட்டுக்கே வந்தான். கட்டைவிரலில் கட்டு. "நாலு புள்ளைங்க வந்துச்சுங்க ஹஜ்ரத். நாலும் கடிச்சிருச்சு." அவன் ஹிதாயாவின் எதிரே தரையில் அமர்ந்தான்.

"நீயே சொல்லும்மா. எப்படி ஆரம்பிக்கணும்?"

"கண்ண மூடிக்கிட்டு வாயத் திறங்க."

திறந்தான். எதை உள்ளே விடப் போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.