மாஸ்டரை மாற்றுவதா

6 நவம்பர் 1994, ஞாயிறு

காலையில் மழை. பிறகு மழையோடு பனி. துணி தோய்க்கக் கொண்டுபோகவில்லை. மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் கூட்டம். நேற்றே சொன்னேன் என்கிறார் இவர். எனக்குச் சொல்லவே இல்லை. வடைக்கு உழுந்து ஊறப்போட நேரமில்லை, கடலை அவித்துத் தாளித்தேன்.

எட்டுப் பேர். சப்பாத்துகள் படிவரைக்கும். கீழ்வீட்டுக் கிரேக்க மனுஷி ஏறி வந்து முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

முதலில் கொழும்பு. புதன்கிழமை அங்கே ஜனாதிபதித் தேர்தல். ஒரு ஆளின் கையில் இவ்வளவு அதிகாரம் கூடவே கூடாது, அந்தப் பதவியையே ஒழிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே குரல். கடலை முடிந்ததும் எங்கள் தமிழ்ச் சங்கத் தேர்தல். அதே வாய்கள், அதே கதிரைகள். தலைவருக்கு அதிகாரம் இருந்தால்தான் சங்கம் ஓடுமாம்.

இவர் மட்டும் விடவில்லை. எங்கள் சங்கத்தின் யாப்பு விதிப்படி, தலைவர் நினைத்தால் நிர்வாகசபையைக் கலைக்கலாம். பொதுக்கூட்டத்தில் எதைப் பேசுவது, எதை விடுவது என்பதும் அவருடைய கையெழுத்தில்தான். அதை வைத்துத்தான் இப்போதைய தலைவர் சித்திரையில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மூடினார். ஏன் என்று கேட்ட சபையையும் கலைத்தார். கலைக்கப்பட்டவர்கள்தான் இன்று என் வீட்டில் இருந்து கடலை சாப்பிட்டவர்கள். இவரைத் தலைவர் பதவிக்கு நிறுத்தியதும் அவர்கள்தான். வென்ற உடனே அந்த அதிகாரத்தை வெட்டும் திருத்தத்தைக் கொண்டுவருவேன் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

வரதன் (காப்புறுதி விற்கிறவன், இடுப்பில் பேஜர்): "முதல் வெல்லுவம் மாஸ்டர். வெட்டுறதைப் பேந்து பாப்பம்."

இவர்: "பேந்து எண்டவன் ஒருத்தனும் வெட்டினதில்லைத் தம்பி."

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குக் குடியியல் படிப்பித்த குரல் அப்படியே வந்தது. பெருமையாக இருந்தது. உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

8 நவம்பர், செவ்வாய்

டோர்வல் விமான நிலையத்தில் எனக்கு விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. குளிர் அறையில் இரண்டு கையுறை போட்டும் விரல் வெடிக்கிறது. வாங்க: வாஸ்லீன், பால், குசினிக்கு பல்ப், இவருடைய கோட்டுக்குப் பொத்தான்.

ஒன்று எழுதி வைக்கிறேன். வாயால் யாருக்கும் சொல்லப் போவதில்லை. போன மாதம் இவர் அக்காடி மெட்ரோ வாசலில் இருந்து ஃபோன் எடுத்தார். "இஞ்சேரும், வீட்டுக்கு எந்தப் பக்கத்தாலை வாறது?" பகிடி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அங்கிருந்து வீடு இரண்டு தெரு. செருப்போடு ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். வாசலில் நின்று, "மகளுக்குச் சொல்லாதையும்" என்றார்.

சென்ட் லோரன்ட் களஞ்சியத்தில் காவல் வேலையால் இவரைக் கோடையில் நிற்பாட்டினார்கள். ஆட்குறைப்பு என்று இவர் சொன்னார். நானும் நம்பினேன்.

10 நவம்பர், வியாழன்

கொழும்பில் முடிவு வந்துவிட்டது. ஜனாதிபதிப் பதவியை ஒழிப்போம் என்றவர்களே வென்றார்கள். கதிரையில் இருந்து பார்த்த பிறகும் ஒழிக்கிறார்களா பார்ப்போம் என்றேன் இவரிடம்.

"உமக்கு எல்லாத்திலையும் அவநம்பிக்கை."

பல்ப் வாங்க மறந்துவிட்டேன்.

13 நவம்பர், ஞாயிறு

வரதன் வந்தான். இவர் குளிக்கிற நேரம் பார்த்து. குசினிக் கதிரையில் இருந்துகொண்டு தொண்டையைச் செருமினான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. மாஸ்டருக்கு மறதி ஏதும்?"

"ஏன்?"

"போன கூட்டத்திலை ஒரு விசயத்தையே ரெண்டு தரம் சொன்னவர்."

"உங்களுக்கு ஒருக்காச் சொன்னா விளங்குதே?"

சிரித்தான். ஆளை மாற்றினால் நல்லது என்று அன்று வீட்டுக்கு வந்த பொடியள் கதைக்கிறார்களாம். யாரைப் போடப் போகிறார்கள் என்று கேட்டேன். பேஜரைப் பார்த்தான். "எல்லாரும் என்னைத்தான் சொல்லுகினம். நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதிகாரத்தை வெட்டுறது உங்களுக்கு விருப்பமில்லை. அதைச் சொல்லுங்கோ. மறதியைச் சாட்டாதேங்கோ. மனிசன் கல்லு மாதிரி இருக்கிறார்."

பொய். முகத்துக்கு நேரே சொன்ன பொய். ஆனால் அவன் மட்டும் உண்மையா கதைத்தான்? இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவராக இருந்தால் வழி மறந்தாலென்ன, பெயரே மறந்தாலென்ன, அவனுக்கு ஒரு கவலையும் வந்திராது.

பின்னேரம் ரொறன்ரோவில் இருந்து மகள். "அம்மா, அப்பா ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறார். டொக்டரிட்டைக் காட்டுங்கோ." தேர்தல் முடியட்டும் என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. நானும் பேந்து என்கிறேன்.

17 நவம்பர், வியாழன்

எப்போதும் கைவிரலில் குளிர். வாஸ்லீன் பூசிக்கொண்டு பேனை பிடிக்க வழுக்குகிறது.

ஞாயிறு பொதுக்கூட்டம். அங்கேயே பெயர் முன்மொழிந்து அங்கேயே வாக்கு. பொடியள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்களாம்: மாஸ்டர் முதலில் பேசட்டும், பேச்சைப் பார்த்துவிட்டு யாருடைய பெயரைச் சொல்வது என்று யோசிப்போம். பெண் பார்க்கிற மாதிரி. இவருக்கு நான் சொல்லவில்லை.

குசினியில் நின்று பேசிப் பார்க்கிறார். திங்கள் நன்றாக வந்தது. நேற்று பாதியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று தொடக்கத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். நான் கறி கிண்டிக்கொண்டே அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். "எனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தார்.



20 நவம்பர், ஞாயிறு

வெயில், கடும் காற்று. கோட்டுக்குப் பொத்தான் தைத்தேன். டை கட்ட வராமல் நின்றார். கட்டிவிட்டேன்.

தேவாலயத்தின் கீழ் மண்டபம். சனம் சுவர் ஓரமெல்லாம் நின்றது. பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு கதிரைகளுக்குள் ஓட்டம். நான் நடுவரிசையில். இவர் மேடைக்குப் போனார். அடுத்த வசனத்தை இங்கிருந்து எடுத்துக் கொடுக்க முடியாதே.

தேவைப்படவில்லை. ஒரு தாள் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. "தலைவர் நல்லவரா எண்டு கேக்காதேங்கோ. நாளைக்குக் கெட்டவர் வந்தா இந்த அதிகாரம் என்ன செய்யும் எண்டு கேளுங்கோ. நான் வந்தாலும் என்னை நம்பாதேங்கோ." பிள்ளைகள்கூட ஓட்டத்தை நிற்பாட்டினார்கள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு இந்த மனிசனுக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. நான் அழுதேன். மறைக்கவும் இல்லை.

வந்து பக்கத்தில் இருந்தார். வேர்வையைத் துடைத்தார். என் பக்கம் சரிந்து கேட்டார்.

"என்னை எப்ப பேசக் கூப்பிடுவினம்?"



எங்களுக்கு நேர் பின்வரிசையில் வரதன். கேட்டுவிட்டான். கேட்டதை அவன் கண்ணில் கண்டேன். குனிந்து இவருடைய தோளில் கை வைத்து, "இப்ப கூப்பிடுவினம் மாஸ்டர், இருங்கோ" என்றான். அவ்வளவு அன்பாக.

எழும்பி மேடைக்குப் போனான். முடிந்தது என்று நினைத்தேன். ஆளை மாற்றப் போகிறான். மாற்றட்டும். ஒரு நிமிடம் எனக்கு அதுவே நிம்மதியாகக்கூட இருந்தது. அவன் மைக்கைப் பிடித்து, "எங்கடை வேட்பாளர் மாஸ்டர்தான், வேறை கதைக்கு இடமில்லை" என்றான்.

மறுபடியும் கைதட்டல். இவர் குழந்தைப்பிள்ளை மாதிரி எழும்பிக் கும்பிட்டார். நான் எழும்பியிருக்க வேண்டும். வேண்டாம், இவருக்குச் சுகமில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது.

வென்றார். நல்ல வித்தியாசத்தில். பழைய தலைவர் கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே போய்விட்டார்.

22 நவம்பர், செவ்வாய்

வேலைக்குப் போகும் பஸ்ஸில் யோசித்ததில் எல்லாம் வெளித்தது. பெரிய மூளை தேவையில்லை. எல்லா அதிகாரமும் தலைவரிடம். தலைவருக்கு நேற்றையது நினைவில்லை. அப்படியொரு தலைவரை யாராவது மாற்றுவார்களா?

வரதன் செயலாளர். நியமிக்கிறதும் தலைவர்தான், அதுவும் அந்த யாப்பில் இருக்கிறது. நேற்று ஃபோனில் கேட்டானாம், இவர் ஓமென்றாராம். இப்போது ஒரு நாளில் எத்தனையோ தரம் எடுக்கிறான். நான் எடுத்தால் மாஸ்டரைக் கேட்கிறான்.

27 நவம்பர், ஞாயிறு

கொட்டித் தள்ளிய பனி. பனி வழிக்கிற வண்டி காலையிலிருந்து தெருவை உலுக்குகிறது. டொக்டரிடம் நாள் எடுத்தாயிற்று, தை மாதம்தான் இடமாம்.

வரதன் பூட்ஸோடு வாசல் பாயில் நின்றபடி இவரிடம் ஒரு தாளை நீட்டினான். தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நின்று வாசித்தேன். தலைவரின் அதிகாரத்தை வெட்டும் திருத்தம் இந்தத் தவணைக்குப் பொதுக்கூட்டத்தில் எடுக்கப்படமாட்டாது. கீழே தலைவர் கையெழுத்துக்கு இடம்.

"இது என்னெண்டு வாசிச்சனீங்களே?" என்று இவரைக் கேட்டேன்.

"வரதன் எல்லாம் பாத்தவர்."

"இது உங்கடை திருத்தமப்பா."

இவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். வரதன் மெல்லிய குரலில், "மாஸ்டருக்குத் தெரியாததே அக்கா? அவர் கல்லு மாதிரி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றான்.

மறதி என்று சொன்னால் இவருக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். தட்டை வைத்தேன்.

இவர் கண்ணாடியைப் போட்டு, பள்ளிக்கூடத்து அறிக்கைகளில் வைக்கிற மாதிரி நிதானமாகக் கையெழுத்து வைத்தார். வரதன் தாளை மடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமலே போனான்.

அதன் பிறகு இவர் என்னைப் பக்கத்தில் இருத்தி, ஒரு ஆளின் கையில் எல்லா அதிகாரமும் ஏன் இருக்கக் கூடாது என்று விளங்கப்படுத்தினார். வடிவாக, பொறுமையாக. ஒரு சொல்லும் பிழையில்லை.