அறிமுகம் செய்பவர் கையொப்பம்

எலுமிச்சை வாசனை அடிக்கும் ஈர டிஷ்யூ ஒன்றால் என் கட்டைவிரலை பேங்க்கிலிருந்து வந்திருந்த பெண் துடைத்துவிட்டாள். எனக்குச் சட்டென்று நீ வந்து பக்கத்தில் நின்றது போல இருந்தது. அதே கேன்டீன், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அதே ஆடுகிற மேசை. சாம்பார் வாசனைக்கு நடுவில் எலுமிச்சை வாசனை வந்தால் யாரோ பேங்க்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீ இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பாய்.

புது காண்ட்ராக்டர் வந்துவிட்டார். உனக்குத் தெரிந்த கதைதான். சிப்காட் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்டர் மாறினால் பேங்க் மாறும். அவருக்கு எந்த பேங்க்கோடு பழக்கமோ அதில்தான் நமக்கும் சம்பளக் கணக்கு. நாம் மட்டும் அதே இடத்தில் நின்று, அதே அரத்தால், வார்த்து வந்த அலுமினியச் சாமான்களின் பிசிறை ராவிக்கொண்டிருப்போம். "புருசன மாத்தாம பேங்க்க மாத்திக்கினே கீறோம்" என்பாய் நீ. சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வாய்.

"அக்கா, கொஞ்சம் அழுத்தி வைங்க" என்றாள் அந்தப் பெண். வைத்தேன். ரேகை பார்க்கிற அந்தத் தீப்பெட்டி அளவு மிஷின், சிவப்பு விளக்கைக் காட்டியது. "வேற வெரல் வைங்கக்கா." வைத்தேன். வலக்கை முடிந்து இடக்கையும் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சிவப்புதான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சாப்பாட்டு நேரம் போகிறதே என்று முணுமுணுத்தார்கள். கையைத் திருப்பி நானே பார்த்தேன். ரேகை இருக்க வேண்டிய இடம் தேய்ந்த ஐந்து ரூபாய் நாணயம் போல வழவழவென்று இருந்தது. எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

உன்னுடையது எனக்கு முன்னாலேயே போயிற்று. முந்தின காண்ட்ராக்டர் வந்த சமயம், இதே மேசையில், டை கட்டிய பையன் ஒருவன் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். கடைசியில் நீ பொறுமை இழந்து, "கால் வெரல வெக்கட்டுமா சார்? அதுல அரம் புடிக்கல, பூ மாரி கீது" என்று செருப்பைக் கழற்றப் போனாய். கேன்டீனே சிரித்தது. பையன் முகம் சிவந்துவிட்டது. எனக்கு முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தது உனக்குப் பிறகு, அவ்வளவுதான் காரணம். அதை ஏதோ பெரிய பெருமை போல உன்னிடம் விரலை ஆட்டிக் காட்டினேன். "ஆட்டு, ஆட்டு. அரம் உன்னையும் உடாது" என்றாய். விடவில்லை.

ஹெச்.ஆர். தம்பி வந்து எட்டிப் பார்த்தான். "அக்கவுண்ட் ஓப்பன் ஆவலன்னா இந்த மாச சம்பளம் ஹோல்டு ஆயிடும்கா. உங்க பேருல வேற எந்த பேங்க்கு இருந்தாலும் பரவால்ல. வெள்ளிக்கெழமைக்குள்ள பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்துடுங்க" என்றான். நல்ல பிள்ளைதான். ஆனால் ஹோல்டு என்று அவன் வாயில் சுலபமாக வருகிற வார்த்தைக்கு என் வீட்டில் வாடகை, மளிகை, மகனின் பாலிடெக்னிக் என்று பல பெயர்கள்.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். கார்டுகள், கலர் கலராக. ஒவ்வொன்றும் ஒரு காண்ட்ராக்டர். ஒன்றிலும் உயிரில்லை. சம்பளம் வருகிறவரை ராஜமரியாதை. நின்றதும், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுவார்கள். தின்பதற்கு முன்னால் 'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்று மெசேஜ் மட்டும் தவறாமல் வரும். என் மாமியார்கூட என்னை அன்பார்ந்த என்று கூப்பிட்டதில்லை. போனிலேயே எல்லாம் நடக்கிறதே என்று நான் கொண்டாடிய கடைசிக் கணக்கும் இப்போது முடங்கிக் கிடக்கிறது. விவரங்களைப் புதுப்பிக்க வேண்டுமாம். அதற்கும் ரேகைதான் வேண்டுமாம். கிளை செங்குன்றத்தில். ஒரு நாள் கூலியை விட்டுப் போய் நின்றேன். அங்கேயும் அதே தீப்பெட்டி மிஷின், அதே சிவப்பு விளக்கு.

எனக்கு அலுத்துவிட்டது. வேலைகூட இவ்வளவு அலுப்பாக இல்லை. உழைத்த காசு வந்து சேர ஓர் இடம் தேடுவது இருக்கிறதே, அது உடம்பை அடித்துப் போட்ட மாதிரி செய்துவிடுகிறது. டப்பாவை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்தால், "இன்னாடீ, எழவு ஊடு மாரி குந்திக்கினு கீற" என்று கேட்டிருப்பாய்.

அப்போதுதான் நாம் இருவரும் பொன்னேரியில் பேங்க் பார்க்கப் போன, வார நடுவில் லீவு கிடைத்த அந்த நாள் ஞாபகம் வந்தது. விரல் ஏறாத அன்றே நீ முடிவு செய்துவிட்டாய், அவர்கள் பார்த்து வைக்கிற பேங்க் வேண்டாம், நீயே பார்த்துக்கொள்வதாக. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவள் போல, அந்த அரக்குப் புடவையை வேறு கட்டிக்கொண்டு வந்தாய். நீ பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். மீன் கூடைக்கு முன்னால் குந்தினால் விலையை முதலில் கேட்க மாட்டாய், செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாய். பேங்க்கையும் அப்படித்தான் பார்த்தாய். வட்டி எவ்வளவு, கார்டு உண்டா என்றெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எல்லா இடத்திலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்: "என் வெரலு மிஷின்ல வுழாது. நாள பின்ன நான் பணம் எடுக்க வந்தா இன்னா பண்ணுவீங்க?"

முதல் இடத்தில் ஏசி குளுகுளுவென்று இருந்தது. தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். உன் கேள்விக்கு அந்தப் பெண், "அதெல்லாம் ஆப்புலயே பண்ணிக்கலாம் மேடம்" என்று சிரித்துவிட்டு, மூச்சு விடாமல் இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றை விளக்கினாள். வெளியே வந்ததும், "கேட்டது வஞ்சரம், குடுத்தது நெத்திலி" என்றாய். அடுத்தது பெரிய பேங்க். வரிசை வாசற்படி வரை நின்றது. நம் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலேயே, "சர்வர் டவுன். அந்தக் கவுன்ட்டர்ல கேளுங்க" என்றார். அந்தக் கவுன்ட்டரில் ஆள் இல்லை. "சேச்சே, ஒரே பேஜாரு" என்று நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

கூட்டுறவு வங்கிக்குப் போகவே எனக்கு இஷ்டமில்லை. கடகடக்கிற மின்விசிறி, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, வாசலில் பாதி ஷட்டர் இறக்கிய ஏ.டி.எம். உள்ளே மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு ஒரு கிளார்க். நீ கேட்டதும் அவர், "எங்க, கையக் காட்டுங்க" என்றார். நீ நீட்டினாய். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கம்பெனிம்மா?" என்றார். சொன்னாய். "கையெழுத்து போடுவீங்கல்ல?" "போடுவேன் சார்." "அப்ப அது போதும்." அவ்வளவுதான் பேச்சு. நீ என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டை அசைக்காமல், "செவுளு செவப்பா கீது" என்றாய்.

கையெழுத்துப் போடும்போதுதான் வேடிக்கை. உன் பெயரை முழுதாக எழுதி, கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்து, அதைத் திருப்பிக் கொண்டுவந்து முதல் எழுத்துக்கடியில் விட்டாய். "கட்டத்துக்குள்ள போடுங்கம்மா" என்றார் கிளார்க். "அடங்காது சார். இத்த எட்டாவதுல கத்துக்கினேன், இப்ப மாத்த முடியாது" என்றாய். அறிமுகத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே கணக்கு வைத்திருக்கிற ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். மார்க்கெட்டில் கருவாடு விற்கிற உன் ஊர்க்காரியை இழுத்துக்கொண்டு வந்தாய். அவள் கையில் கருவாட்டு வாசனை, படிவத்திலும் அந்த வாசனை. வெளியே வந்ததும் என்னிடம், "உனக்கு நான் போடுறேன்டீ. எப்ப வேணும்னாலும் சொல்லு" என்றாய். நான் சிரித்தேன். எனக்குத்தான் பச்சை விளக்கு எரிகிறதே, எனக்கெதற்கு என்று.

அதன் பிறகு ஹெச்.ஆரில் சண்டை போட்டு, உன் சம்பளத்தை மட்டும் அங்கே போட வைத்தாய். எங்களுக்கெல்லாம் மெசேஜ் வந்த மறுநாள்தான் உனக்கு வரும். "உன் சம்பளம் கட்ட வண்டியில வருதா?" என்று கேலி செய்வோம். "மாடு வழி தெரிஞ்ச மாடு. வந்து சேந்துடும்" என்பாய்.

எல்லாம் உன் பக்கம் சரி என்று இப்போது சொல்லவரவில்லை. சொன்னால் நீயே ஒப்புக்கொள்ள மாட்டாய். நெஞ்சுவலி என்று உன்னைப் பட்டணத்துக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்கேனுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். உன் கார்டு வேலை செய்யவில்லை. உன் மகள் கார்டைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்துக் காட்டினேன், முடிந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே நீ அதைப் பார்த்தாய். "உன் பேங்க்கு ஓடியாருது, என் பேங்க்கு நடந்து வருது" என்று சிரித்தாய். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா நடந்து வர்றவன் தாண்டீ, வழியில பாத்தா நம்மள அடையாளம் கண்டுக்குவான்" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை. அதனாலேயே அது என்னோடு தங்கிவிட்டது.

நீ போனபின் உன் இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் நிற்கிறாள். நல்லவள், பேசத்தான் மொழியில்லை. பஸ்ஸில் உன் ஜன்னலோர சீட்டு இப்போது எனக்குத்தான். அதில் உட்காரப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு பொன்னேரி போனேன். மின்விசிறி இன்னும் கடகடக்கிறது. அந்த ஏ.டி.எம். ஷட்டர் இப்போது முழுசாகவே இறங்கியிருந்தது. அதே கிளார்க், தலைமுடி மட்டும் வெளுத்திருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். கையை நீட்டி, "ரேகை வுழாது சார்" என்றேன். அவர் அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அரமா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனியில் யாரும் என் கையை அப்படிப் பார்த்ததில்லை.

படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றேன். 'அறிமுகம் செய்பவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். "அது பழைய ஃபாரம்மா. இப்ப அதெல்லாம் வேணாம், ஆதார் இருந்தா போதும்" என்றார். பிறகு சும்மா கேட்பது போல, "யார் சொல்லி வந்தீங்க?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். பேனா நின்றது. "வாலு இழுத்து கையெழுத்து போடுவாங்களே, அந்தம்மாவா? கட்டத்துல அடங்கவே அடங்காதே" என்றார். பிறகு, "பொண்ணு வந்துச்சி. வாரிசு பேரு முன்னாடியே எழுதி வெச்சிருந்தாங்க, அதனால ஒரே தடவையில முடிஞ்சிது" என்றார். உன்னைப் பற்றி வேறொன்றும் அவருக்குத் தெரியாது.

காலியாக இருந்த அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு போட அவர் பேனாவைக் கொண்டுபோனார். "கோடு போடாதீங்க சார்" என்றேன்.

"ஏம்மா?"

"இருக்கட்டும்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பாஸ்புக் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டேன். இந்த மாதச் சம்பளம் எல்லோருக்கும் வந்த மறுநாள் எனக்கு வந்தது. "கட்ட வண்டியாக்கா?" என்று பக்கத்து வரிசைப் பெண்கள் கேட்டார்கள். வழி தெரிந்த மாடு என்று சொல்லிவைத்தேன். அவர்கள் சிரித்தார்கள், அது யார் வார்த்தை என்று அவர்களுக்குத் தெரியாது. பாஸ்புக்கை டிபன் பையில்தான் வைத்திருக்கிறேன். கார்டு எப்போது வரும் என்று தெரியவில்லை, அவசரமென்றால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. அலுப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இந்த ஒரு பேங்க்கை நான் தேடிப் போய்ப் பார்த்தேன், அது என் கையைப் பார்த்தது.

என் படிவம் அந்த அலமாரியில் எங்கேயோ இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. நீ இருந்து போட்டிருந்தாலும், அதில் அடங்கியிருக்கமாட்டாய்.