விண்டோஸை விரட்டிய வீடு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று விண்டோஸைத் தலைமுழுகினேன்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஸ்டார்ட் மெனுவில் ஏதோ மிட்டாய் விளையாட்டுக்கு விளம்பரம். நான் வாங்கிய இயந்திரம், எங்கள் சாப்பாட்டு மேசை, எங்கள் மின்சாரம். அதில் எவனோ வந்து போஸ்டர் ஒட்டிவிட்டுப் போகிறான். கிழித்துப்போட்டேன். அடுத்த அப்டேட்டில் திரும்ப ஒட்டுவான். ஆறாம் வகுப்பிலிருந்து இதோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? எந்த செட்டிங்கை எந்த மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாடகை வீட்டில் எந்த ஓடு ஒழுகும் என்று தெரிந்து வைத்திருப்பது மாதிரியான அறிவு.

ஆபீசில் நாள் முழுக்க லினக்ஸ் சர்வர்களோடு மாரடிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் மட்டும் ஏன் இந்த அடிமைத்தனம்?

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அப்பா சீட்டாடுவார். பார்மசி படித்துவிட்டு மருந்துக் கடை கவுன்டரில் நிற்கும் தங்கை, வேலை முடிந்து வந்து அதில்தான் படிப்பாள். இருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லப் போகிறார்கள்? அவர்களைப் பொறுத்தவரை விண்டோஸ்தான் கம்ப்யூட்டர்.

பிப்ரவரி 4

விண்டோஸ் இருந்த இடத்தில் லினக்ஸ் போட்டாயிற்று, காசில்லாமல் கிடைக்கிற இயங்குதளம். பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது, அதோடு வாயை மூடிக்கொண்டது. மரியாதை தெரிந்த சாமான்.

பிப்ரவரி 5

அப்பா: "என் சீட்டுக்கட்டு எங்கடா?"

வேறொரு சீட்டாட்டம் போட்டுக் கொடுத்தேன். ராஜா மூஞ்சி சரியில்லையாம். விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்து ராஜா மூஞ்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் எங்கே போனாலும் தன் ஆப்பிள் மேக் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார், பிறந்த குழந்தையைக் காட்ட வருகிற மாதிரி.

"என்ன மாப்ள, லினக்ஸாமே? வேல வெட்டி இல்லாதவன் பண்ற காரியமாச்சே அது."

"நீங்க மட்டும் என்ன அத்தான், மூடின டப்பாவுக்கு முத்தம் குடுக்கறீங்க. நெனச்சா அதுல ஒரு மெமரி மாத்த முடியுமா உங்களால?"

"எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே ஓடுது."

இந்த ஜனங்களோடு பேசவே முடியாது. மேக் என்பது நட்சத்திர ஓட்டல் அறை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. கட்டிலை மட்டும் ஓரடி நகர்த்த முடியாது. அதில் தங்கிக்கொண்டு சொந்த வீடு என்கிறார் மனிதர்.

அக்கா அம்மாவிடம் சொன்னாள்: "அவனவன் சொத்துக்கு அடிச்சுக்குவான். இதுங்க ரெண்டும் டப்பாவுக்கு அடிச்சுக்குதுங்க."

பிப்ரவரி 11

ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. லினக்ஸ்காரர்களின் இணைய மன்றத்தில் கேட்டேன். ஒருவன், முதலில் ஆவணத்தைப் படித்துவிட்டு வா என்றான். இன்னொருவன், லினக்ஸில் இருக்கிற பல வகைகளில் நான் போட்டிருப்பது லினக்ஸே இல்லை என்றான். அப்புறம் இருவரும் என்னை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டார்கள். இதுகளுக்கு விண்டோஸ்காரனைப் பிடிக்காது, மேக்காரனைப் பிடிக்காது, பக்கத்து லினக்ஸ்காரனை அறவே பிடிக்காது. கடைசியில் நானே ஒரு வரியைத் திருத்தி சத்தத்தை வரவழைத்தேன். இரண்டு சாயங்காலம் போயிற்று.

விண்டோஸில் இப்படிப் போயிருந்தால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன். இதில் போனால் கற்றுக்கொண்டேன் என்கிறேன். அது வேறு, இது வேறு. வேறுதானே?

பிப்ரவரி 15, ஞாயிறு

தங்கைக்கு மருந்தாளுநர் உரிமத் தேர்வுக்குத் தேதி வந்திருக்கிறது. மார்ச் 14. வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பாராம். தேறினால் பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் உரிமத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அடுத்தவர் உரிமத்தின் கீழ் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு அதே கவுன்டர்தான்.

"அண்ணா, பரீட்ச சாஃப்ட்வேர் இதுல ஓடுமா?"

"லினக்ஸ்ல ஓடாதது எதுவும் இல்ல."

"இல்ல, வேணும்னா ஒரு நாளைக்கு அத்தானோட மேக்க வாங்கிக்கறேன். கேட்டா குடுப்பாரு."

"வீட்ல அடுப்பு எரியும்போது பக்கத்து வீட்ல போய் நெருப்பு கேப்பியா நீ?"

"சரிப்பா, நீயே பாத்துக்கோ. எனக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்ல."

பிப்ரவரி 22, ஞாயிறு

அந்தத் தேர்வு மென்பொருளைப் பற்றிப் படித்தேன். விண்டோஸ், மேக் இரண்டில் மட்டும்தான் ஓடுமாம். ஓடும்போது கேமராவைப் பார்க்கும், மைக்கைக் கேட்கும், பின்னால் என்னென்ன திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் துழாவும். பெண் பார்க்க வந்துவிட்டு அடுக்களைப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற சம்பந்தி மாதிரி. இதை என் வீட்டுக்குள் விடுவதா?

வழி இருக்கிறது. லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் விண்டோஸை உட்கார வைத்து, அதற்குள் இந்த உளவாளியை விடுவது. எவ்வளவு துழாவினாலும் நான்கு சுவரைத்தான் துழாவும். ஜெயிலில் போட்ட மாதிரி.

மார்ச் 1, ஞாயிறு

மாதிரித் தேர்வை ஓட்டிப் பார்த்தேன். "பொய்க் கம்ப்யூட்டரில் தேர்வு எழுத அனுமதி இல்லை" என்று சொல்லிவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தது? பொய்க் கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கின் பெயர், மதர்போர்டின் பெயர் எல்லாவற்றிலும் தான் பொய் என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. அசட்டு நேர்மை. ஒவ்வொரு பெயராக மாற்றி, கடையில் விற்கிற ஏதோ ஒரு லேப்டாப் போல வேஷம் கட்டிவிட்டேன்.

மறுபடி ஓட்டினேன். மாதிரித் தேர்வு கடைசிக் கேள்வி வரை போயிற்று. அனுமதி இல்லையாம்!

மார்ச் 3

எங்கள் ஆபீஸ் சர்வர் அறையில் தாடி என்று ஒருவர். எனக்கு லினக்ஸ் பைத்தியத்தை ஏற்றிவிட்டவர் அவர்தான். என் சாதனையை அவரிடம் சொன்னேன். மெச்சுவார் என்று பார்த்தால்,

"தம்பி, ஒன் வித்தைய ஒன் பரீட்சைல காட்டு. தங்கச்சிக்கு ஒரு பழைய டிஸ்க்க மாட்டி விண்டோஸ போட்டுக் குடு. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆயிரும்."

"தோத்துட்டேன்னு ஒத்துக்கச் சொல்றீங்களா?"

"யார்கிட்டடா தோக்கற? அங்க எவனாவது ஒன்ன ஆட்டைக்குக் கூப்ட்டானா?"

அவருக்கும் வயதாகிவிட்டது.

மார்ச் 14, சனி

எழுத வரவில்லை. இருந்தாலும் —

பாதித் தேர்வு வரை ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையிலிருந்து அவள் அறைக்கு மாற்றிவிட்டு, நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே அவள் விசைகளைத் தட்டும் சத்தம் நிதானமாகக் கேட்டது. படித்திருக்கிறாள், தெரிந்தது. பிறகு ஒரு பெண் குரல். கண்காணிப்பாளர். "உங்கள் கம்ப்யூட்டரின் அடையாளம் மறைக்கப்பட்டிருக்கிறது. தேர்வு நிறுத்தப்படுகிறது. முறைகேடு என்று பதிவாகும்."

கதவைத் திறந்தேன். தங்கை இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதையும் தொடலண்ணா. நான் எதையுமே தொடல."

திரை கறுப்பாகிவிட்டது. அதற்குப் பிறகும் கையை இறக்கவில்லை அவள். மாதிரித் தேர்வில் இவ்வளவு ஆழமாகத் துழாவவில்லை, நிஜத் தேர்வில் துழாவியிருக்கிறது. நான் என்ன பண்ணட்டும்? அவன் சாஃப்ட்வேர் திருட்டுத்தனமா நோண்டுது, நான் மறைச்சேன். இதுல யாருடா திருடன்?

மார்ச் 15

அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஓடுமான்னு ஒரே ஒரு வார்த்த கேட்டா உன்கிட்ட" என்றாள். 

மார்ச் 17, செவ்வாய்

தேர்வு வாரியத்திலிருந்து மெயில். விசாரணை முடியும் வரை முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முறைகேடு உறுதியானால் இரண்டு வருஷம் எழுத முடியாது. ஒரு வாரத்தில் விளக்கம் தர வேண்டும்.

சாயங்காலமே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். ஒரு குடிமகன் எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல இவர்கள் யார், விண்டோஸும் மேக்கும் வாங்க முடியாதவன் மருந்தாளுநர் ஆகவே கூடாதா, இந்த மென்பொருள் வீட்டுக்குள் புகுந்து என்னவெல்லாம் செய்கிறது. ஒவ்வொரு வரியும் சரி. இப்போது படித்தாலும் ஒரு வரியைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன்.

தங்கை முழுவதையும் படித்தாள்.

"இதுல லினக்ஸ் இருக்கு, விண்டோஸ் இருக்கு, அவங்க தப்பெல்லாம் இருக்கு. நான் எங்கண்ணா இருக்கேன்?"

பதில் சொல்வதற்குள் நான்கு பக்கத்தையும் என் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 18

அவளே எழுதினாள். அரைப் பக்கம். கம்ப்யூட்டரைத் தயார் செய்தது அண்ணன், அதில் என்ன செய்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். கீழே நான் எழுத வேண்டிய இடத்தை விட்டு வைத்திருந்தாள். அனுமதி இல்லை என்று வந்த எச்சரிக்கையைப் பார்த்தேன், பார்த்த பிறகும் வேண்டுமென்றே அடையாளத்தை மறைத்தேன், அதை அவளிடம் சொல்லவில்லை — எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் மென்பொருள் ஓர் உளவாளி என்று ஒரு வரி சேர்க்கக் கை குறுகுறுத்தது. சேர்க்கவில்லை.

அந்த எச்சரிக்கை வந்த விஷயம் இதைப் படித்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். "ஓஹோ" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

விசாரணை. அத்தான் வீட்டில், அத்தானின் மேக்கில். அவர் ஒரு கிண்டல் பேச்சுக்கூடப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, கேமராவைச் சரி செய்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

திரையில் ஓர் அதிகாரி அம்மா. தங்கையிடம் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

"நீங்க கம்ப்யூட்டர் துறையிலதான இருக்கீங்க? நாங்க வேண்டாம்னு சொன்னது புரிஞ்சுதா, புரியலையா?"

"புரிஞ்சுது."

"அப்ப ஒரு நாளைக்கு வேற கம்ப்யூட்டர் கெடைக்கலையா உங்களுக்கு?"

கிடைத்திருக்கும். அந்தக் கேள்விக்கு நான் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்த அதே கம்ப்யூட்டர். தெரு திரும்பினால் இருக்கிற வீடு. "யார்கிட்டயும் கேக்கல" என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

முடிவு வந்துவிட்டது. அவள் மேல் குற்றம் இல்லை. ஆனால் எழுதிய தேர்வு செல்லாது. அடுத்தது ஜூனில்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஜூன் வரை காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். "பரவால்ல மேடம், பரவால்ல மேடம்" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டாள்.

ஏப்ரல் 5

லினக்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய டிஸ்க்கை மாட்டி, அதில் விண்டோஸைப் போட்டேன். தாடி சொன்னது சரி, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவளிடம் சொன்னேன். "வேண்டாண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றாள். கோபம் இல்லை குரலில். கடைக்கு வருகிறவரிடம் அந்த மருந்து இல்லை என்று சொல்கிற குரல்.

அப்பா மட்டும் பழைய ராஜாவோடு சந்தோஷமாக இருக்கிறார்.

மே 19

என் லினக்ஸ் அருமையாக ஓடுகிறது. ஒரு குறை சொல்ல முடியாது. சொல்வதற்கும் ஆள் இல்லை. முன்பெல்லாம் டேய் இது என்ன கேட்குது, அண்ணா இது ஏன் தொங்குது என்று இந்த வீட்டில் என் தலை உருளும். எரிந்து விழுவேன். இப்போது நிம்மதி.

ஜூன் 20, சனி

அவளுக்கு இன்று தேர்வு. அத்தான் வீட்டில் எழுதிவிட்டு வந்தாள். இன்றைக்குத்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு அவளைக் காணவில்லை, கேட்டேன், அம்மா சொன்னாள்.

ஜூலை 9

தேறிவிட்டாள். மதிப்பெண் எல்லாம் அபாரம். பெரிய ஆஸ்பத்திரி இல்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிற சின்ன ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை சேர வேண்டும்.

ஜூலை 11, சனி

அவள் அறையில் புது லேப்டாப். அட்டைப்பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விண்டோஸ். எந்த மாடல் என்று பெட்டியில் போட்டிருந்தது; மெமரி போதாது, திரை சுமார், அதே விலைக்கு இதைவிட நல்லதாக மூன்று சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய சான்றிதழ்களை பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தாள் போல. சுவர் வழியாகக் குரல் கேட்டது. போனில் அத்தானோடு.

"ஆஃப்லைன்னே காட்டுது அத்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்... இல்ல, ஒயர் சரியாத்தான் இருக்கு... ஆமா, உங்களுக்கு விண்டோஸ் தெரியாதுல்ல. சரி விடுங்க, நான் வெளிய கடைல எடுத்துக்கறேன்."

எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். எழுந்தேன், உட்கார்ந்தேன். பிறகு போனை எடுத்து அவளுக்கு எழுதினேன்.

பிரின்டர் பெயர் மேலே வலது கிளிக் பண்ணு, காத்திருக்கிற வேலையெல்லாம் வரும். அங்கே மேலே பிரின்டர் மெனுவில் 'ஆஃப்லைனில் பயன்படுத்து' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடு.

இரண்டே வரி. மூன்றாவதாக ஒன்றும் தட்டி வைத்திருந்தேன், இதுவே லினக்ஸாக இருந்தால் என்று ஆரம்பிக்கிற வரி. அதை அழித்துவிட்டு அனுப்பினேன்.

பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பிரின்டர் காகிதத்தை இழுக்கிற சத்தம் கேட்டது.