ஆமாம் என்றே ஆடிய தலை

மார்ச் 3, செவ்வாய்

கட்டுப் பிரித்தாகிவிட்டது. வலது காதுக்குப் பின்னால் தையல், அதைச் சுற்றி மழித்த மண்டை. கண்ணாடியில் பார்த்தால் பாதி உரித்த கோழி மாதிரி இருக்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தத் தரையை என்ன செய்வது?

படுக்கையிலிருந்து எழுந்தால், அறை எனக்குப் பின்னால் கொஞ்சம் தாமதமாக எழுகிறது. தலையைத் திருப்பினால் அலமாரியும் கூடவே வழுக்கிக்கொண்டு வருகிறது. குளியலறை எட்டே அடி தூரம். சுவரைத் தடவிக்கொண்டுதான் போகிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தானே ஆகிறது, போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். கடைசியில் ஒரு வரி, அடிக்கோடு போட்டு: குழந்தையை நின்றபடி தூக்கக் கூடாது.

பத்து மாதக் குழந்தையிடம் அந்தத் தாளைக் காட்டவா? அவள் என் முட்டியைப் பிடித்து நின்றுகொண்டு இரண்டு கையையும் மேலே நீட்டுகிறாள். நான் உட்காருகிறேன். உட்கார்ந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கோ மடி வேண்டாம், இடுப்புதான் வேண்டும்.

அவள் "அம்மா" என்று சொல்லும்போது என் காதில் விழ வேண்டும் என்றுதான் இந்த மண்டையைத் திறந்து காதுக்குள் கருவி பொருத்தச் சம்மதித்தேன். கல்லூரியில் வலது காது போனது. பிரசவத்துக்குப் பிறகு இடதும் பெரும்பாலும் போய்விட்டது. காது வாங்கப் போய்க் கையைக் கொடுத்துவிட்டு வந்தேனா?

மார்ச் 5, வியாழன்

இன்று பாப்பா என்னிடம் கை நீட்டவில்லை. அவள் அத்தையிடம் நீட்டினாள்.

மார்ச் 9, திங்கள்

அந்த அத்தையைப் பற்றி எழுத வேண்டும். என் நாத்தனார், அவருடைய அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறார். விடுப்பு போட்டுவிட்டு எனக்காக வந்து இருக்கிறார். இஞ்சின் சத்தத்தில் கத்திக் கத்தி வாயை நன்றாகத் திறந்து பேசும் பழக்கம். உதட்டைப் படிக்க அவரை மாதிரி சுலபமான ஆள் கிடையாது. அதனால் திட்டும் முழுசாகப் புரிகிறது.

"மாடி வீடு பார்த்திருக்கான் பாரு! ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், பொண்டாட்டியை மூணாவது மாடி ஏற விட்டிருக்கான்." என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். படி நாற்பத்திரண்டு. எண்ணியிருக்கிறேன்.

காலையில் முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினேன். அவ்வளவுதான். மேல் எது, கீழ் எது என்று உடம்புக்குத் தெரியவில்லை. குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண் எரிய எரியத் திறந்தேன். திறந்ததும் சுவர் நேரானது.

ஈர்ப்பு மையம் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியவள் நான். காதுக்குள்ளே ஒரு ரசமட்டம் இருக்கிறது, அது கெட்டால் கண்தான் ஆளைத் தாங்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அக்கா கதவைத் தட்டியது அதில் ஊன்றிய கைக்குத் தெரிந்தது. திறந்ததும், "ஒண்ணுமில்லையே?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். சந்தேகமே வராத மாதிரி ஆட்டத் தெரியும் எனக்கு. முதல் காது போனதிலிருந்து பதினோரு வருஷப் பழக்கம்.

மார்ச் 24, செவ்வாய்

சுவிட்ச் போட்டார்கள்.

காதுக்குப் பின்னால் கருவியின் காந்தம் டக்கென்று ஒட்டியது. கருவியைச் சரிபார்க்கும் ஆடியாலஜிஸ்ட் பெண் கணினியில் ஏதோ தட்டினாள். முதலில் வெறும் கீச்கீச். பிறகு அந்தக் கீச்கீச்சே வார்த்தையாக மாறியது. என்ன குரல் இது, பொம்மைக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி!

"என் குரல் எப்படி இருக்கு?" அக்கா ஆவலாகக் கேட்டார்.

"தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டற மாதிரி இருக்குக்கா."

வீட்டுக்காரர் உடனே, "அப்ப மெஷின் சரியாத்தான் வேலை செய்யுது" என்றார். அக்கா அவர் முதுகில் வைத்த அடியும் எனக்குக் கேட்டது. பட்! அடியின் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

பாப்பா அழுதாள். அதுவும் தகரம்தான். ஆனால் அது அவள். நானும் அழுதேன்.

மார்ச் 29, ஞாயிறு

நடக்கிறேன்! தெருமுனைவரை பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினேன். ஒரு தள்ளாட்டம் இல்லை. வண்டியைப் படியில் தூக்கிப் போனது மட்டும் அவரும் அக்காவும். மற்றபடி நானேதான்.

சரியாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அக்கா மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போனார். பாப்பா தொட்டில் கட்டிலில் நின்றுகொண்டு கையை நீட்டினாள். நாலு வாரம் கழித்து என்னைப் பார்த்து நீட்டினாள். யாராவது சும்மா இருப்பார்களா? கம்பியை இறக்கினேன். தூக்கினேன். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நின்றேன். நல்லாத்தான் நின்னேன்.

வாசல் மணி அடித்தது. எனக்கு... கேட்டது! இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மணியை நான் கேட்டதே இல்லை. எந்தப் பக்கம்? ஒரு காதுக்குத் திசை தெரியாது. இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, சட்டுனு வாசல் பக்கம் திரும்பினேன். வீடு கூடவே சுத்துச்சு. அலமாரியில போய் மோதினேன். நான் மட்டும் மோதியிருக்கக் கூடாதா? அவ நெத்தி. கடவுளே, அந்தக் கதவு விளிம்புல அவ நெத்தி.

அக்கா ஓடி வந்தபோது கட்டிலடியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது. டாக்டரிடம் ஓடினோம். பயமில்லை, வெளிக்காயம்தான் என்றார்.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து கேட்டார், "எப்படி?"

அக்கா முகம் வெளுத்திருந்தது. "நான்தான்டா. கட்டில் கம்பியை ஏத்தாம மாடிக்குப் போயிருக்கேன். வந்து பார்த்தா கம்பி கீழ கிடக்கு. குழந்தை விழுந்திருக்கு." என் பக்கம் திரும்பி, "அப்படித்தானேம்மா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்று.

ஏப்ரல் 3, வெள்ளி

அக்கா இன்று யாரையும் திட்டவில்லை.

ஏப்ரல் 8, புதன்

கீழே விழப் பார்த்தேன் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். குழந்தை பற்றி எழுதவில்லை. பேலன்ஸ் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பிசியோ பெண், என் வயதுதான் இருக்கும். காதுக்குள் சூடாகவும் குளிராகவும் காற்று விட்டுப் பார்த்தார்கள். ஸ்பாஞ்சு மெத்தை மேல் நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார்கள். மூன்றே நொடி. அவள் தோளில் போய் விழுந்தேன்.

"தனியா நடக்கறீங்களா?"

"தெருமுனை வரைக்கும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு."

"அப்ப வண்டிதான் உங்களை நடத்திக் கூட்டிப் போகுது" என்று எழுதிக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊன்றுகோலுக்குள் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று எழுதிவைத்திருக்கிறேன். போன பக்கத்திலேயே இருக்கிறது.

நிறைய பேருக்குச் சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடுமாம். எனக்கு இடது காதின் சமநிலை முன்னாலேயே பலவீனம். இத்தனை நாள் வலதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சையில் அதுவும் அடி வாங்கிவிட்டது. "இதை முன்னாடியே சொல்லியிருக்காங்களே" என்று அவள் என் கோப்பைத் திருப்பிக் காட்டினாள். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: விளக்கப்பட்டது, நோயாளி புரிந்துகொண்டார்.

ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்ட அன்று டாக்டர் முகமூடி போட்டிருந்தார். உதடு தெரியவில்லை. வீட்டுக்காரர் பாப்பாவோடு வெளியே உலாத்திக்கொண்டிருந்தார். நான் இரண்டு மூன்று இடத்தில், வேண்டிய இடைவெளி விட்டு, பொருத்தமாகத் தலையாட்டினேன்.

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா? இல்லை. அப்போதும் செய்துகொண்டிருப்பேன். ஆனால் ஐந்து வாரம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு மணிச்சத்தத்துக்குத் திரும்பியிருக்க மாட்டேன்.

கொடுத்த பயிற்சி இது: சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை அசைக்க வேண்டும். முதலில் மேலும் கீழும், ஆமாம் என்பது போல. பிறகு பக்கவாட்டில், இல்லை என்பது போல. ஒரு நிமிஷம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை.

ஆமாம் சுலபமாக வந்தது. இல்லை என்று ஆட்டியதும் எழுத்து இரண்டாகிவிட்டது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, புதன்

இன்று ஆஸ்பத்திரிக்கு அக்காவும் கூட வந்தார். பாப்பா அவர் மடியில். நெற்றிக் காயம் மஞ்சளாகிவிட்டது.

நான் எழுத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இல்லை, இல்லை, இல்லை. பிசியோ பெண் பாப்பாவைக் கொஞ்சி, "நெத்தியில என்ன?" என்றாள்.

அக்கா சொன்னது கேட்டது. தகரக் குரல் இறங்கியிருந்தது. "என் தப்பும்மா. கம்பியை ஏத்த மறந்துட்டேன். பத்தொன்பது வருஷமா அடுத்தவங்களுக்கு பிரேக் போட்டவ..."

நான் தலையை நிறுத்தவில்லை. இல்லை. இல்லை. "ஒரு நிமிஷம் ஆச்சு, போதும்" என்றாள் பிசியோ. அப்போதும் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர், எழுத்தே தெரியவில்லை.

"இல்லக்கா. கம்பியை நான்தான் இறக்கினேன். தூக்கிட்டு நின்னேன். மணி அடிச்சுது, திரும்பினேன். நான்தான் மோதினேன்."

பேருந்தில் பதினாறு நிறுத்தம். அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு வாரம். அந்தக் கம்பியை ராத்திரி எழுந்து எழுந்து ஆட்டிப் பார்த்திருக்கேன் தெரியுமா? எனக்கு மறதி நோய் வந்துடுச்சோன்னு பயந்து, வண்டி ஓட்டறதையே விட்டுடலாம்னு நெனச்சேன்டி."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா!"

தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா உள்ளே போய், தட்டை என் முன்னால் டங்கென்று வைத்தார். "இன்னும் கோவமாத்தான் இருக்கேன். சாப்பிடு."

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். பாப்பாவை வாங்கி நெற்றியைத் தடவினார். அப்புறம், "முகமூடியைக் கழட்டச் சொல்லி நான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கணும்" என்றார். அதைக் கேட்பதைவிடத் திட்டே தேவலாம் போலிருந்தது.

ஏப்ரல் 25, சனி

அக்காவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பயிற்சியில் காட்டுகிறார்.

பாப்பாவோடு படி இறங்கப் பிசியோ சொன்ன நிபந்தனைகள்: குழந்தை முன்பக்கம் கட்டும் பையில் இருக்க வேண்டும், ஒரு கை எப்போதும் கைப்பிடியில், இருட்டில் கூடவே கூடாது. முதலில் எடையை மட்டும் வைத்துப் பழகலாம். அக்கா ஒன்பது கிலோ மாவை இரண்டு பொட்டலமாகப் பையில் கட்டி என் மார்பில் மாட்டினார். முதுகில், டிரைவிங் ஸ்கூலிலிருந்து வரவழைத்த, ஓட்டப் பழகுகிறவர்கள் மாட்டும் சிவப்பு 'எல்' அட்டை.

"இது எதுக்குக்கா?"

"பின்னாடி வர்றவன் ஒதுங்கிப் போகணும்ல?"

அக்கா எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி, படியில் பின்பக்கமாகவே இறங்குகிறார். "என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, பயப்படாதே. காலைப் பார்க்காதே, எதிர்ச் சுவரைப் பாரு. யாராவது கூப்பிட்டா?"

"முதல்ல நிக்கணும். அப்புறம் திரும்பணும்."

"மணி அடிச்சா?"

"நிக்கணும். அப்புறம்."

"ஃபெயில். கைப்பிடியை விட்டுட்டே. மேல ஏறு, முதல்லேருந்து."

கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து மாவுப் பையையும் 'எல்' அட்டையையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார்.

மே 6, புதன்

இல்லை என்று ஒரு நிமிஷம் முழுசாக ஆட்டினேன். எழுத்து ஒன்றாகவே இருந்தது.

மே 16, சனி

இன்று மாவு இல்லை. பாப்பா.

நாற்பத்திரண்டு படி. அக்கா பின்பக்கமாகவே இறங்கினார், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. மாவு மூட்டை நெளியாது, இவள் நெளிகிறாள். என் கருவியின் வயரைப் பிடித்து இழுக்கிறாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் காந்தம் கழன்று தொங்கியது. சத்தமெல்லாம் அணைந்துவிட்டது. நின்றேன். மாட்டினேன். கைப்பிடியைத் தேடிப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் அடுத்த படி.

கீழே வந்ததும் அக்கா என் முதுகிலிருந்த அட்டையைப் பிய்த்தார். "பாஸுன்னு சொல்லல. லைசென்ஸ் குடுத்தாச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் ஜனங்க ஓட்டவே கத்துக்கறாங்க."

நாளை காலை அக்கா ஊருக்குக் கிளம்புகிறார்.

மே 17, ஞாயிறு

அக்காவை வழியனுப்பப் பாப்பாவோடு நானே இறங்கினேன். திரும்பி ஏறி வந்து பார்த்தால், தொட்டில் கட்டில் கம்பியில் 'எல்' அட்டையைக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாப்பா இப்போது மூன்றடி நடந்து உட்காருகிறாள்.

மே 31, ஞாயிறு

கண்ணை மூடினால் இன்னமும் சாய்கிறேன். இருட்டில் அவளைத் தூக்குவதில்லை. எல்லா அறையிலும் சின்ன விளக்கு எரிகிறது. அவர் படிக்கட்டிலும் ஒன்று மாட்டியிருக்கிறார்.

காலையில் காய் வாங்கிக்கொண்டு அவளோடு ஏறி வரும்போது யாரோ கூப்பிட்டார்கள். நின்றேன். அப்புறம் திரும்பினேன். கீழ்வீட்டு அம்மா ஏதோ கேட்டார். பாதிதான் புரிந்தது. தலை பழைய ஞாபகத்தில் முன்னால் சாயப் பார்த்தது.

"புரியலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

"உங்க வீட்ல தண்ணி வருதான்னு கேட்டேம்மா."

இதற்கா பதினோரு வருஷம் பயந்தேன்?

இப்போது தோள் வலிக்கிறது. இடுப்பும். ஒன்பதரைக் கிலோ ஆகிவிட்டாள். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே அவர், "தைலம் தேய்ச்சு விடட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தது.