மருந்து புத்தருக்கு விழுந்த ஏச்சு

அக்கா,

இன்று காலை என் பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. அடித்தட்டில் உங்கள் கார்த்தியின் ஸ்வெட்டர், அதற்குள் அந்த அட்டைப்படம். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, பழைய துணி என்று உங்கள் வீட்டார் வாசலில் தூக்கிப் போட்டதை நான்தான் எடுத்து வந்தேன். அவர்களிடம் வேறு என்னத்தை எதிர்பார்ப்பது?

படத்தில் இருப்பவர் மருந்து புத்தர். சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தது போல உடம்பு. மடியில் மருந்துக் கிண்ணம், வலது கையில் கடுக்காய்க் கொத்து. உடம்பு நோயோடு மனசு நோவையும் தீர்ப்பாராம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. ரோட்டோரம் கடை போட்டிருந்த திபெத்துக்காரர்களிடம் கார்த்திக்கு ஸ்வெட்டர் எடுக்கப் போனோம். பையனுக்கு இளைப்பு என்று நீங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர்கள். கடைக்காரப் பெண் இந்தப் படத்தைச் சேர்த்துக் கொடுத்தாள். நல்ல மனசு. ஸ்வெட்டரும் நல்ல ஸ்வெட்டர்தான்.

உங்கள் மாமியார் நீல உடம்பைப் பார்த்ததும் கிருஷ்ணர் என்று முடிவு கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துப் பூஜையறையில் மாட்டினார். ‘புல்லாங்குழலக் காணோமுங்களே அத்தை’ என்றீர்கள். ‘வேற படத்துல இருக்கும்’ என்றார். அந்த வீட்டின் ஞானம் அவ்வளவுதான்.

தை பிறக்கும் முன்பே கார்த்தி போய்விட்டான்.

‘போன புள்ள பேரச் சொன்னா அடுத்தது தங்காது கண்ணு. இனி அந்தப் பேர எடுக்காத’ என்றார் மாமியார். அடுத்ததாம்! சுவரில் இருந்த அவன் போட்டோ மறுவாரமே காணாமல் போனது. துக்கம் கேட்க வந்தவர்கள் ‘மறந்துருங்க அம்மணி’ என்று சொல்லிக் காபியை உறிஞ்சிவிட்டுப் போனார்கள். என்ன ஒரு மரியாதை! வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுக்கொண்டே பெற்றவளின் வாயை அடைக்க நம் ஊர்க்காரர்களை விட்டால் ஆள் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போய் லேத் சத்தத்தில் ஒளிந்துகொண்டார். நீங்கள் சமைத்தீர்கள், பரிமாறினீர்கள், அழவே இல்லை. அதே காம்பவுண்டில் தையல் மெஷின் போட்டுக் குடியிருந்த என்னிடம் மட்டும், துணி துவைக்கிற கல்லருகே ஒருநாள் சொன்னீர்கள்: ‘தொண்டையில எலும்பு மாட்டுனாப்ல இருக்குது அம்மணி. அவம் பேர ஒருக்கா சத்தமாச் சொன்னாப் போதும்.’

மனசு லேசாகும் என்று உங்கள் கொழுந்தன் பெண்டாட்டிதான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியில் நடந்த தியான வகுப்புக்கு அனுப்பினாள். துணைக்கு நான். அங்கேயும் இதே நீலக்காரர், கதவளவு பெரிதாக. குருஜி என்ற அந்த மனிதர் வடக்கே மலைப்பக்கம் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவராம். சித்திரை வெயிலில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வழிகிற வியர்வையைத் துடைத்தபடி மன அமைதியைப் பற்றிப் பேசினார். சுற்றிலும் பட்டுப்புடவைகள். ஒருத்திக்குச் சமையல்காரி நின்றுவிட்ட துக்கம். அதற்கும் அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

‘உங்க பெயின் எல்லாத்தையும் சைலண்டா அந்தக் கிண்ணத்துல வைங்க. நீல லைட் உள்ள வரும்’ என்றார்.

நீங்கள் கேட்டீர்கள்: ‘ஏனுங்க, எம்பட பையன் பேரச் சொல்லலாமுங்களா?’

‘பேரு வேண்டாம்மா, பேருதான் பற்று. அழுகையும் வேண்டாம். மத்தவங்க வைப்ரேஷன் கெட்டுரும்.’

தூ! உங்கள் மாமியார் சொன்னதையேதான் சால்வை போர்த்திக்கொண்டு சொன்னார்.

நீங்கள் எழுந்தீர்கள். வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள் என்று நானும் பையை எடுத்தேன். நீங்களோ நேராக அந்தப் பெரிய படத்தின் முன் போய் நின்றீர்கள்.

‘ஏனுங்க மருந்துக்காரரே, மடியில மருந்த வெச்சுக்கிட்டு என்னத்துக்குங்க உக்கோந்திருந்தீங்க? எம்பட பையன் மூச்சுக்குத் தவிச்சானே, ஒரு சொட்டு ஊத்துனா கொறஞ்சா போயிருவீங்க? பொட்டு வெச்சுக் கும்புட்டமே, வெக்கமா இல்லீங்களா? அவம் பேரு கார்த்திங்க. கார்த்தி! கேக்குதுங்களா?’

அப்புறம் வந்தது அழுகை. அத்தனை மாதத்து அழுகை. படத்தடியிலேயே உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதீர்கள். பட்டுப்புடவைகள் செருப்பைத் தேடின. குருஜி ‘கண்ட்ரோல், கண்ட்ரோல்’ என்றபடி தண்ணீர் கேட்டார், தனக்குத்தான். எனக்கு அன்று உங்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது அக்கா.

சிங்காநல்லூர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கார்த்தி பேச்சுதான். தயிர்ச்சோற்றுக்குச் சர்க்கரை கேட்பது, விழுந்த பல்லைத் தலையணைக்கடியில் தேடியது. முன்சீட்டுப் பெண் திரும்பி, ‘பையன் என்னங்க படிக்கறான்?’ என்றாள். ‘ரெண்டாவதுங்க. இப்ப இல்லீங்க’ என்றீர்கள்.

வீட்டுக்குப் போனதும் பூஜையறையிலிருந்து படத்தை எடுத்து அடுப்படியில் வைத்தீர்கள். பதறிய மாமியாரிடம், ‘இவரு கும்புடறதுக்கு இல்லீங்க அத்தை, வையறதுக்கு’ என்றீர்கள். அன்றிலிருந்து தினமும் காபி ஆற்றிக்கொண்டே அவருக்கு ஏச்சு. நடுவில் கார்த்தியின் கதை. ‘இவர வஞ்சுபோட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது அம்மணி’ என்று சில நாள் சிரிக்கக்கூடச் செய்தீர்கள். அவர் என்ன மருந்து கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நல்ல பேர் வாங்கித் தரவும் எனக்கு மனசில்லை, அட்டைப்படம்தானே. ஆனால் அந்த ஊரில் உங்களிடம் ‘மறந்துருங்க’ என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

உங்கள் சாவுக்கும் அதே கூட்டம்தான் வந்தது. அதே காபி. ‘கஷ்டப்படாமப் போயிட்டாங்க, மனசுல வெச்சுக்காதீங்க’ என்று என்னிடமே சொன்னார்கள். கும்பிட்டு அனுப்பினேன். அதுகளோடு என்ன பேச்சு?

இப்போது படம் என் தையல் மெஷின் மேல் நிற்கிறது. நெற்றியில் உங்கள் மாமியார் வைத்த குங்குமக் கறை இன்னும் போகவில்லை. காபியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

‘ஏனுங்க மருந்துக்காரரே, கார்த்தியோட அம்மாளும் உங்ககிட்டயே வந்துட்டாங்க. இப்பவுமா உக்கோந்தே இருக்கறீங்க?’

கார்த்தியின் பெயரைச் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன், தொண்டை கிழிய. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.