பஞ்சுக்குப் போடுகிற மாத்திரை

ஜூன் 9, ஞாயிறு

அவிநாசியில் மாமா வீட்டில் கறிவிருந்து. மகுடேஸ்வரன் மாமா – அம்மாவின் தம்பி – இலைக்குக் குனிந்தபோது கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி தெரிந்தது. தொட்டேன். வலிக்கவில்லை என்றார். வலித்திருந்தால் கிருமித் தொற்று என்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்றுநோய், லிம்ஃபோமா, அதுதான் என் ஆராய்ச்சி. ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டச் சொன்னேன்.

"நீ எதைப் பாத்தாலும் கேன்சருன்னுதான் சொல்லுவ" என்று மாமாவின் மனைவி பொன்னாத்தாள் அத்தை இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

ஜூன் 14

நச்சரித்து, கோவையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவைத்துவிட்டேன். "மருந்து மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று டாக்டர் விஜயராணி கேட்டார்.

"ஒன்னுமில்லீங்க. காச்சலுக்குக்கூட கசாயந்தானுங்க."

கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள்.

ஜூன் 20

சிலைடில் செத்த செல்கள். ஓரத்தில் சந்தேகமாகச் சில, அவையும் நசுங்கி. லிம்ஃபோமாதானா, ஆம் என்றால் எந்த வகை – சொல்ல முடியவில்லை. வகை தெரியாமல் வைத்தியம் இல்லை. எது கொன்றது இவற்றை?

ஜூன் 22

அத்தை போன். "கட்டி பாதியாயிருச்சு கண்ணு! அவிநாசியப்பன் கண்ணத் தொறந்துட்டான். இனிக் கோயமுத்தூரு வேண்டாம்."

ஸ்டீராய்டு போட்டால் லிம்ஃபோமா இப்படித்தான் சுருங்கும். பரிசோதனையையும் கெடுக்கும். ஆனால் நோய் போகாது. கொஞ்ச நாளில் திரும்பி வரும். மாமாவிடம் கேட்டேன்.

"சாமி சத்தியமாக் கண்ணு, ஒரு மருந்தும் தொடறதில்ல."

மாமா பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 27

டிபியாகத்தான் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிபி மாத்திரை ஆரம்பிக்கப் போகிறார்களாம். போனில் கத்திவிட்டேன்.

"என்ற ஊட்டுக்காரருக்குக் கேன்சர் வரோணும்னு ஏன் கண்ணு ஒத்தக்கால்ல நிக்கற?" என்றார் அத்தை.

போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 3

நேரில் பேசலாம் என்று மாமாவின் நிட்டிங் கம்பெனிக்கே போனேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. வாய் திறக்குமுன் இருமல். மாமா மேசை டிராயரிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"ஒன்னு போடு கண்ணு. நெஞ்சு லேசாயிரும்."

பொடிசான வெள்ளை மாத்திரைகள். பொட்டலத்தோடு எதிரே இருந்த மெடிக்கலுக்கு ஓடினேன். கடைக்காரர் அந்த மாத்திரையின் முழு அட்டையைக் காட்டினார். ஸ்டீராய்டு! மாமாவிடம் திரும்பி ஓடிவந்தேன்.

"ஏன் மாமா சொல்லல? எத்தன தடவ கேட்டோம்!"

"இது மருந்தா கண்ணு? பஞ்சுக்குப் போடறது. இந்த லைன்ல எல்லாருந்தான் போடறாங்க. பஞ்சு பறக்கற இந்தக் காத்துக்காலத்துல சேத்தி ரெண்டு போடுவேன்."

நாங்கள் கேட்டது மருந்தை. அவர் சொன்னது உண்மை. என்னைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 4

திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர் விஜயராணி. மூச்சுக்கு இன்ஹேலர். பிறகு காத்திருக்க வேண்டும். கட்டி திரும்ப வளர்ந்தால்தான் உயிருள்ள செல் கிடைக்கும். அதற்குள் உள்ளே வேறெங்காவது பரவிவிட்டால்? மாமன் கழுத்தில் கட்டி வளரட்டும் என்று வேண்டிக்கொள்ளும் மருமகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜூலை 21

படிப்படியாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தியாயிற்று. கட்டி வளரவில்லை. மாமாவுக்கு இரைப்பு. "ஒன்னே ஒன்னு போட்டுக்கறனே" என்று கெஞ்சினாராம். பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டாராம் அத்தை. அத்தையா!

ஜூலை 26

இல்லை. இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 2

"வந்துருச்சு கண்ணு" என்றார் அத்தை போனில். அப்புறம் அழுதார். நானும்தான்.

ஆகஸ்ட் 14

இந்த முறை கட்டியை முழுசாக எடுத்தார்கள். சிலைடு நிறைய உயிருள்ள செல்கள். பெரிய பி-செல் லிம்ஃபோமா. வேகமான வகை, ஆனால் குணமாக்க வாய்ப்புள்ள வகை. ஸ்கேனில் கழுத்தைத் தாண்டவில்லை. உடனே அத்தைக்குப் போன் போட்டேன்.

ஆகஸ்ட் 22

முதல் கீமோ. ஊசி மருந்து ஏற்றுமுன் நர்ஸ் சில மாத்திரைகள் கொடுத்தார். மாமா உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது நம்ம பஞ்சு மாத்திரையாட்ட இருக்குது?"

"அதேதான் மாமா. கீமோவோட சேத்துத் தர்றது."

"இதுக்குத்தான் அந்தப் பாடு படுத்துனீங்களா?"

நான் விளக்க வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டு தண்ணீர் டம்ளரை அவர் கையில் வைத்தார்.

"முழுங்குங்க. இப்பத்தானுங்க இது மருந்து."